வையம் கண்ட வழிப்போக்கர்

நுழையும்முன்

ஓர் ஊரில் மரியாதை எனக் கருதப்படும் செயல் மற்றோர் ஊரில் அவமதிப்பாகத் தோன்றலாம். ஒரு நாட்டில் எளியோர் உடுத்தும் துணி பிறிதொரு நாட்டில் அரசர்க்குரிய பரிசாகலாம். புதிய மண்ணில் கால் வைக்கும் பயணியின் கையில், தன் ஊரின் அளவுகோல் ஒன்று எப்போதும் இருக்கிறது. அவ்வளவுகோலைக் கொண்டு பதினான்காம் நூற்றாண்டின் உலகை அளக்கப் புறப்பட்ட ஒருவரின் வாழ்க்கையே இப்பாடம்.

தாஞ்சியரிலிருந்து புறப்பட்டவர்

ஆப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள நாடு மொராக்கோ. அதன் துறைமுக நகரமான தாஞ்சியரில் 1304ஆம் ஆண்டு இபன் பதூதா பிறந்தார். அவருடைய குடும்பத்தினர் இசுலாமியச் சட்டத்தைக் கற்றுக் காஜி எனப்படும் நீதிபதிகளாகப் பணியாற்றி வந்தவர்கள். அவரும் அக்கல்வியையே பெற்றார். 1325ஆம் ஆண்டு, தமது இருபத்தோராம் வயதில், மெக்காவுக்கு ஹஜ் பயணம் மேற்கொள்ளும் நோக்குடன் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். அப்போது பெற்றோர் இருவரும் உயிருடன் இருந்தனர். பிரிவு இரு தரப்பினர்க்கும் துயரம் தந்தது. ஓரிரு ஆண்டுகளில் திரும்பிவிடலாம் எனப் புறப்பட்ட அவர், மீண்டும் தாயகத்தில் கால் வைக்க இருபத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

வழித்துணை இன்றித் தொடங்கிய பயணம் தொடக்கத்திலேயே அவரை வாட்டியது. வழியில் காய்ச்சல் கண்டது. துனிசு நகரை அடைந்தபோது, உடன் வந்தோரை வரவேற்க நகரமக்கள் திரண்டு வந்தனர். ஒருவரையொருவர் நலம் விசாரித்து மகிழ்ந்தனர். அவரை அறிந்தவர் அங்கு ஒருவரும் இல்லை. எனவே அவருக்கு முகமன் கூறுவாரும் இல்லை. தனிமை தாளாமல் அவர் கண்ணீர் வடித்தார். அதனைக் கண்ணுற்ற பயணி ஒருவர் அருகில் வந்து, நகருக்குள் நுழையும்வரை பேச்சுத்துணையாக இருந்தார். பல்லாண்டுகள் கழித்துத் தம் வாழ்க்கையைச் சொல்லியபோதும் அந்தச் சிறு பரிவை அவர் மறக்கவில்லை. அயலூரில் ஒருவரை வரவேற்கும் முறையை அவர் பின்னாளில் ஊர்தோறும் கூர்ந்து நோக்கினார். துனிசு நகர வாயிலில் அவர் உணர்ந்த தனிமைக்கும் அதில் பங்கு இருந்திருக்கக்கூடும்.

விருந்தோம்பலின் பல முகங்கள்

எகிப்தைக் கடந்து டமாஸ்கஸ் நகரை அவர் 1326ஆம் ஆண்டு அடைந்தார். அங்கு அவரை வியக்கவைத்தது அறக்கட்டளைகளின் பெருக்கம். ஏழைப் பெண்களின் திருமணத்திற்கு ஒன்று, சிறைப்பட்டோரை மீட்பதற்கு ஒன்று, வழிப்போக்கர்க்கு உணவும் உடையும் தருவதற்கு ஒன்று என ஒவ்வொரு தேவைக்கும் ஓர் அறக்கொடை அங்கிருந்தது. ஒருநாள் சந்து ஒன்றில் அடிமைச் சிறுவன் ஒருவன் சீனப் பீங்கான் தட்டைக் கீழே போட்டு உடைத்துவிட்டான். கூடியிருந்தோருள் ஒருவர், உடைந்த சில்லுகளைத் திரட்டிக்கொண்டு பாத்திரங்களுக்கான அறக்கொடையின் பொறுப்பாளரிடம் செல்லுமாறு அவனிடம் கூறினார். அங்கே சில்லுகளைக் காட்டியதும் புதிய தட்டு வாங்கப் பணம் கிடைத்தது. இல்லாவிடில் சிறுவனைத் தலைவன் அடித்திருப்பான், அடிக்காவிடினும் கடிந்திருப்பான். உடைந்த மனத்திற்கும் மருந்திடும் அறம் எனக் கண்டு அவர் அதனைப் போற்றினார்.

மெக்காவில் கடமையை நிறைவேற்றியபின் அவர் ஊர் திரும்பவில்லை. இயன்றவரை ஒருமுறை சென்ற வழியில் மறுமுறை செல்வதில்லை என்பதைத் தம் பயண நெறியாக வகுத்துக்கொண்டார். ஈராக், பாரசீகம், ஏமன் ஆகிய நிலங்களைக் கண்டார். 1331ஆம் ஆண்டு வாக்கில் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலுள்ள மொகதிசு துறைமுகத்தை அடைந்தார். அங்கு ஒரு கப்பல் வந்து நின்றதும் உள்ளூர் இளைஞர்கள் சிறு படகுகளில் விரைந்து வருவர். ஒவ்வொருவர் கையிலும் மூடியிட்ட உணவுத்தட்டு இருக்கும். கப்பலில் உள்ள வணிகர் ஒருவரிடம் அதனை நீட்டி, அவரைத் தம் விருந்தினராக அறிவிப்பர். அதன்பின் அவ்வணிகர் அவ்வீட்டிலேயே தங்க வேண்டும். விற்பதும் வாங்குவதும் அவ்வீட்டார் வழியாகவே நடைபெற வேண்டும். விருந்தும் வணிகமும் ஒரே தட்டில் வந்த விந்தையை அவர் கண்டார். வந்தவர் சட்டம் கற்றவர் என அறிந்ததும், அத்தகையோர் முதலில் அரசரையே காணவேண்டும் என்பது ஊர் வழக்கம் என்று கூறி அழைத்துச் சென்றனர். அரசர் வெற்றிலையும் பாக்கும் அனுப்பி அவரை வரவேற்றார். நெய்ச்சோறு, பாலில் வேகவைத்த வாழைக்காய், ஊறுகாயாக இட்ட எலுமிச்சை, மிளகு, பச்சை இஞ்சி, மாங்காய் என அங்குப் பரிமாறப்பட்ட உணவின் பட்டியல் நம் நாட்டு விருந்தை நினைவூட்டும். இந்தியப் பெருங்கடலின் இரு கரைகளும் கடல்வழியே உறவாடியதை அப்பட்டியலே காட்டுகிறது.

இன்றைய துருக்கியின் பெரும்பகுதி அக்காலத்தில் அனத்தோலியா எனப்பட்டது. அங்குத் தெனிஸ்லி என்னும் நகரின் கடைத்தெருவில் அவர் சென்றுகொண்டிருந்தார். திடீரென ஆடவர் சிலர் கடைகளிலிருந்து இறங்கி வந்து குதிரைகளின் கடிவாளத்தைப் பற்றினர். வேறு சிலர் வந்து அவர்களைத் தடுத்தனர். பூசல் முற்றிக் கத்தியை உருவும் அளவுக்குச் சென்றது. அவருக்குத் துருக்கி மொழி தெரியாது. தம்மைக் கொள்ளையிடவே போட்டியிடுகின்றனர் என அஞ்சி நடுங்கினார். அரபு மொழி அறிந்த ஒருவர் வந்து விளக்கிய பின்னரே உண்மை தெரிந்தது. அகி எனப்படும் தொழிலாளர் சகோதரக் கூட்டமைப்புகள் அந்நாட்டில் ஊர்தோறும் இருந்தன. பகல் முழுவதும் உழைத்து ஈட்டிய பணத்தைக் கொண்டு வந்து, மாலையில் அயலூர்ப் பயணிகளுக்கு விருந்திடுவது அவர்களது வழக்கம். அத்தகைய இரு அமைப்பினர், விருந்தினரை யார் அழைத்துச் செல்வது என்றே சண்டையிட்டனர். இறுதியில் சீட்டுக் குலுக்கி, முதலில் ஒருவரும் அடுத்து மற்றவரும் விருந்திடுவதென முடிவாயிற்று. அச்சுறுத்தலாகத் தோன்றியது அன்பாக இருந்தது. இத்தகைய தவறான கணிப்பு அவர் வாழ்வில் இதுவே கடைசி எனச் சொல்வதற்கில்லை.

வடக்கே உஸ்பெக் கானின் நாட்டில், துருக்கியரிடையே பெண்களுக்கு இருந்த மதிப்பு அவரைத் திகைக்கச் செய்தது. அரசியர் தமக்கெனப் பரிவாரமும் வண்டிகளும் கொண்டு வலம்வந்தனர். அவர்கள் அவைக்கு வரும்போது அரசரே எழுந்து நின்று வரவேற்றார். எளிய வணிகர் வீடுகளிலும் பெண்களே முன்னின்று கொடுக்கல் வாங்கலை நடத்தினர். கணவரைப் பணியாளர் எனப் பிறர் எண்ணும் அளவுக்கு அவர்தம் நிலை உயர்ந்திருந்தது. தம் ஊரில் காணாத இக்காட்சியை அவர் மறைக்காமல் பதிவு செய்தார்.

இந்திய மண்ணில்

இந்துகுஷ் மலைகளைக் கடந்து 1333ஆம் ஆண்டு சிந்து நதிக்கரையை அவர் அடைந்தார். தில்லியில் முகமது பின் துக்ளக் அவரைக் காஜியாக அமர்த்தினார். நாட்டு மொழி அறியாதவர், அங்குப் பெரிதும் பின்பற்றப்பட்ட சட்டமரபும் அவருடையதன்று. எனவே துணைக்கு இருவர் நியமிக்கப்பட்டனர். கொடை பெற்றுச் செல்வராகும் ஏழை ஒருவரோ கொலையுண்டோர் உடலோ இல்லாத நாளே அரண்மனை வாயிலுக்கு இல்லை என்று சுல்தானின் இருவேறு இயல்புகளை அவர் விவரித்தார். சுல்தானின் சினத்திற்கு ஆளான துறவி ஒருவரைச் சந்தித்த காரணத்தால் அவரும் காவலில் வைக்கப்பட்டார். நோன்பிருந்து, உயிர் தப்பி, உடைமைகளைத் துறந்து சில மாதங்கள் துறவிபோல் வாழ்ந்தார்.

இந்நாட்டின் சிறு வழக்கங்களையும் அவர் கண்கள் தவறவிடவில்லை. விருந்தினர்க்குப் பொன்னும் வெள்ளியும் தருவதைவிட வெற்றிலை தருவதே இங்குப் பெருமை எனக் குறித்தார். தேங்காயை மனிதத் தலையுடன் ஒப்பிட்டார். இரு கண்களும் வாயும் போன்ற குழிகளையும் தலைமுடி போன்ற நாரையும் அவர் விவரிக்கும் முறை, அதனைக் கண்டிராத தம் ஊர் மக்களை மனத்தில் கொண்டே அமைந்தது. கணவனை இழந்த பெண்ணைத் தீயில் எரிக்கும் கொடுமையையும் ஓர் ஊரில் நேரில் கண்டார். குதிரையிலிருந்து விழும் நிலைக்கு ஆளானார். உடன் வந்தோர் நீர் கொணர்ந்து முகத்தைக் கழுவித் தெளிவித்தனர். எல்லா வழக்கங்களும் வழக்கம் என்பதாலேயே ஏற்கத்தக்கன ஆகிவிடா என்பதற்கு அந்நிகழ்வு சான்று.

1340களின் தொடக்கத்தில் சுல்தான் அவரைச் சீனப் பேரரசருக்குத் தூதராக அனுப்பினார். மலபார் கடற்கரைச் சாலையில், அரைக்கல் தொலைவுக்கு ஒருமுறை என்னும்படி நெருக்கமாக மரத்தாலான தங்கல் மனைகளும் கிணறுகளும் நீர் வழங்கும் ஆட்களும் இருந்ததைக் கண்டார். அங்கு அரசுரிமை மகனுக்குச் செல்லாமல் சகோதரியின் மகனுக்குச் செல்வதையும் குறித்துக்கொண்டார். கோழிக்கோட்டுத் துறையில், பரிசுப் பொருள்களை ஏற்றிய கப்பல் புயலில் சிதைந்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காகக் கரையில் தங்கியிருந்த அவர் உயிர் தப்பினார். அவருடைய உடைமைகள் இருந்த சிறு கப்பலோ அவரை விட்டுவிட்டே பாய் விரித்துச் சென்றது. பேரரசின் தூதரிடம் எஞ்சியவை பத்து நாணயங்களும் படுத்துறங்கிய விரிப்பும் மட்டுமே.

மாலத்தீவின் நீதிபதி

தில்லிக்குத் திரும்ப அஞ்சிய அவர் மாலத்தீவுக்குச் சென்றார். 1343, 1344ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் அங்குத் தலைமைக் காஜியாக விளங்கினார். அத்தீவுகளை அப்போது கதீஜா என்னும் அரசி ஆண்டார். வெள்ளிக்கிழமை உரையில் அவர் பெயரே ஓதப்பட்டது. தீவு மக்கள் தூய்மை பேணுபவர்கள், வெப்பத்தின் காரணமாக நாளுக்கு இருமுறை குளிப்பவர்கள், போரை அறியாதவர்கள். தேங்காய் நாரை ஊறவைத்து, அடித்து, பெண்கள் கயிறாகத் திரிப்பர். அக்கயிற்றால் பலகைகளைத் தைத்தே கப்பல் கட்டுவர். ஆணி அறைந்த கப்பல் பாறையில் மோதினால் உடையும். தைத்த கப்பல் நெகிழ்ந்து கொடுக்கும் என்று அதன் காரணத்தையும் அவர் தெளிவாக்கினார். கடலில் எடுக்கும் சோழியே அங்கு நாணயம். ஒரு பொன் நாணயத்திற்கு 4 இலட்சம் சோழிகள் என்ற கணக்கில் மாற்றினர்.

இவ்வளவு நுட்பமாகக் கண்டவர், நீதிபதி இருக்கையில் அமர்ந்ததும் வேறொருவர் ஆனார். தீவு மக்களும் அவரது சமயத்தையே பின்பற்றியவர்கள்தாம். ஆயினும் அவர்களது வாழ்க்கைமுறை தாஞ்சியரில் இருந்ததைப்போல் இல்லை. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வராதோரை அவர் சாட்டையால் அடிக்கச் செய்தார். மணவிலக்குப் பெற்ற பெண்கள் முன்னாள் கணவர் வீட்டிலேயே தங்கியிருக்கும் வழக்கத்தைத் தடை செய்தார். அங்குப் பெண்கள் இடுப்பில் மட்டுமே துணி உடுத்தினர். மேலாடை அணியுமாறு அவர் ஆணையிட்டார். அதில் அவருக்குக் கிடைத்த வெற்றி மிகச் சிறிது. வழக்காட அவர்முன் வரும் பெண்கள் மட்டும் போர்த்திக்கொண்டனர். வெளியே தீவு எப்போதும்போல் இயங்கியது. திருடன் ஒருவனின் கையை வெட்டுமாறு அவர் தீர்ப்பளித்தபோது, அவையில் இருந்தோருள் பலர் மயங்கி விழுந்தனர். மென்மையான இயல்பினரான அம்மக்களுக்கு அத்தண்டனை அதுவரை காணாத கொடுமை.

அமைச்சருடன் ஏற்பட்ட பிணக்கால் அவர் அங்கிருந்து வெளியேறினார். அங்கு மணந்த மனைவியருள் ஒருவர் வயிற்றில் பிறந்த மகனைப் பின்னர் ஒருமுறை வந்து கண்டார். தாயிடம் இருப்பதே குழந்தைக்கு நன்று எனக் கருதி விட்டுச் சென்றார். அவரது நீண்ட பயணத்தின் பின்னே, அவர் பிரிந்து சென்ற இல்லங்கள் பல இருந்தன என்பதையும் மறத்தல் ஆகாது.

இலங்கையும் மதுரையும்

இலங்கையின் புத்தளம் கரையில் அவர் இறங்கினார். அப்பகுதியை ஆண்ட தமிழ் மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி பாரசீக மொழி அறிந்தவர். முத்துகளைக் காட்டி மகிழ்ந்த அம்மன்னர், அவர் வேண்டுவது யாது எனக் கேட்டார். மலையுச்சியில் உள்ள பாதச்சுவட்டைக் காண்பதே தம் விருப்பம் என்றார் இபன் பதூதா. இன்று சிவனொளிபாதமலை என வழங்கும் அம்மலையின் சுவட்டை இசுலாமியர் ஆதாமின் பாதமாகவும், பௌத்தர் புத்தரின் பாதமாகவும், சைவர் சிவபெருமானின் பாதமாகவும் போற்றுகின்றனர். மன்னர் பல்லக்கும் ஆள்களும் தந்து, ஆண்டுதோறும் அங்குச் செல்லும் யோகியர் நால்வரையும் அந்தணர் மூவரையும் துணைக்கு அனுப்பினார். பாறையில் பதித்த இரும்புச் சங்கிலிகளைப் பற்றி அவர்கள் சேர்ந்தே ஏறினர். வெவ்வேறு நம்பிக்கை கொண்டோர் ஒரே வழியில், ஒரே சுவட்டை நோக்கி நடந்த பயணம் அது.

அங்கிருந்து தமிழகக் கரைக்கு வரும் வழியில் கப்பல் உடைந்தது. கரையேறிய அவரை மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுதீன் தம்கானி வரவேற்றார். தில்லியில் இபன் பதூதா மணந்த பெண்ணின் சகோதரியே அச்சுல்தானின் மனைவி. உறவினர், ஒரே சமயத்தவர், அடைக்கலம் தந்தவர் என மூவகையிலும் நெருங்கியவர் அவர். ஆயினும் போரில் சிறைப்பட்ட மக்களையும், அவர்தம் பெண்டிரையும் குழந்தைகளையும் சுல்தான் கொன்ற கொடுமையைக் கண்ட இபன் பதூதா அதனை மூடி மறைக்கவில்லை. வேறெந்த அரசனிடமும் காணாத இழிசெயல் எனக் கண்டித்தார். சுல்தானின் விரைந்த முடிவுக்கு அதுவே காரணம் என்றும் கருதினார். அப்போது மதுரையைக் கொள்ளைநோய் சூழ்ந்திருந்தது. சுல்தானின் மனைவியும் மகனும் இறந்தனர், சுல்தானும் இறந்தார். மாலத்தீவில் ஆடையை அளந்த அவரது அளவுகோல், மதுரையில் அரசனின் அறத்தை அளந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க இயலாது.

சீனத்தில் கண்ட ஓவியம்

மேலைக்கடலில் கடற்கொள்ளையர் அவரைச் சூழ்ந்து, உடுத்திய கீழாடை தவிர அனைத்தையும் பறித்தனர். அரிதின் எழுதிவைத்த குறிப்புகளும் அவற்றுள் இருந்தன. பின்னர் வங்காளம், சுமத்திரா வழியாகச் சீனத்தின் குவான்சூ துறைமுகத்தை அடைந்தார். சீனத்தில் அவர் எவ்வளவு தொலைவு சென்றார் என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அங்குத் தாள்களையே பணமாகப் புழங்கினர். பட்டு மலிந்திருந்ததால் ஏழைகளும் அதனை உடுத்தினர். பருத்தி ஆடைக்கே மதிப்பு மிகுதி. பயணிகளின் பெயர்களை விடுதியில் இரவும் காலையும் பதிவுசெய்து, அடுத்த ஊர்வரை காவலருடன் அனுப்பிவைத்தனர். பயணிக்கு அந்நாட்டைவிடப் பாதுகாப்பானது வேறில்லை என்பது அவர் கருத்து. ஒருநாள் ஓவியர் கடைத்தெரு வழியே சென்று மாலையில் திரும்பியபோது, தம் உருவமும் தோழர்களின் உருவமும் தாளில் வரையப்பட்டுச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கக் கண்டு வியந்தார். அயலார் குற்றம் இழைத்துத் தப்பியோடினால் அடையாளம் காண அந்த ஏற்பாடு. உலகை உற்றுநோக்கி வந்தவரை அங்கு உலகம் உற்றுநோக்கியது.

எனினும் சீனத்தில் அவர் மனம் ஒட்டவில்லை. தமக்குப் பழகாத காட்சிகள் மிகுந்திருந்ததால் பெரும்பாலும் வீட்டினுள்ளேயே தங்கினார். இந்நிலையில் மொராக்கோவின் சியூத்தா நகரைச் சேர்ந்த ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்தார். இருவரும் ஒருவரையொருவர் அறிந்துகொண்டதும் அழுதனர். சில ஆண்டுகளுக்குப்பின் சகாராவின் விளிம்பில் உள்ள சிசில்மாசா நகரில், அவருடைய சகோதரரின் வீட்டிலேயே இபன் பதூதா விருந்தினராகத் தங்க நேர்ந்தது.

தாயகம் திரும்புதல்

1348ஆம் ஆண்டு டமாஸ்கஸ் நகருக்கு மீண்டபோது, தம் தந்தை பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே இறந்த செய்தியை அறிந்தார். அவ்வாண்டில் கருஞ்சாவு என வரலாறு கூறும் பெருங்கொள்ளைநோய் மேலை நாடுகளை அழித்துக்கொண்டிருந்தது. டமாஸ்கஸ் மக்கள் மூன்று நாள் நோன்பிருந்தனர். பின்பு இசுலாமியர் திருக்குர்ஆனையும், யூதர் தம் மறையையும், கிறித்தவர் நற்செய்தி நூலையும் ஏந்தி, ஆடவரும் பெண்டிரும் சிறுவரும் ஒன்றாக வெறுங்காலுடன் நடந்து இறைவனிடம் முறையிட்டனர். துன்பம் எல்லாரையும் ஒரே வீதிக்கு அழைத்து வந்த அக்காட்சியை அவர் உருக்கத்துடன் பதிவுசெய்தார். 1349ஆம் ஆண்டு தாயகம் சேர்ந்தபோது தாயும் உயிருடன் இல்லை. அதே நோய் சில மாதங்களுக்கு முன் அவரைக் கொண்டுசென்றிருந்தது.

நைஜர் ஆற்றங்கரையில்

பின்னர்ச் சிறிதுகாலம் இசுபானியாவின் கிரனாடாவைக் கண்ட அவர், 1352ஆம் ஆண்டு சகாரா பாலைவனத்தைக் கடந்து மாலிப் பேரரசுக்குச் சென்றார். வழியில் தகாசா என்னும் ஊரில் வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டு, ஒட்டகத் தோலால் வேயப்பட்டிருந்தன. வலாட்டா நகரில் ஆண்கள் தம் குலத்தைத் தாய்மாமன் வழியாகவே கூறிக்கொண்டனர். உடைமைக்கு உரியவர் சகோதரியின் மக்களே. இவ்வழக்கத்தை மலபாரில் அன்றி வேறெங்கும் கண்டதில்லை என அவர் ஒப்பிட்டார். மாலத்தீவில் இலட்சக் கணக்கில் எண்ணப்பட்ட சோழிகள், மாலியில் 1150க்கு ஒரு பொன் நாணயம் என்ற மதிப்பில் புழங்குவதையும் கண்டார். நெடுந்தொலைவு நடந்தவர்க்கே வாய்க்கும் ஒப்பீடுகள் இவை.

ஆனால், விருந்தைப் பற்றிய அவரது கணக்கு அங்கும் தவறியது. வலாட்டாவில் இடித்த தினையில் தேனும் பாலும் கலந்து சுரைக்குடுவையில் தந்தனர். அதுவே தங்கள் பெருவிருந்து என்றனர். அவர் மனம் கசந்து, திரும்பிவிடவும் எண்ணினார். மாலியின் தலைநகரில், அரசர் மன்சா சுலைமானின் வரவேற்புப் பரிசு வருகிறது என்றதும் பட்டாடையும் பொன்னும் எதிர்பார்த்து எழுந்தார். வந்தவை மூன்று அப்பங்களும், பொரித்த இறைச்சித் துண்டும், ஒரு குடுவைத் தயிரும். அவர் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். தில்லி சுல்தானின் கொடையில் பழகிய மனம், எளிய உணவில் இருந்த மதிப்பைக் காண மறுத்தது.

ஒருநாள் நைஜர் ஆற்றங்கரையில் இயற்கைக் கடன் கழிக்க அவர் ஒதுங்கினார். உள்ளூர்க்காரர் ஒருவர் வந்து அவருக்கும் ஆற்றுக்கும் இடையே நின்றுகொண்டார். நாணமும் நாகரிகமும் அற்ற செயல் என அவர் சினந்தார். பின்னர் ஒருவரிடம் இதனைக் குறைகூறியபோது விளக்கம் கிடைத்தது. அவ்வாற்றில் முதலைகள் உண்டு. அயலூரார் அதனை அறியாமல் அமர்ந்திருப்பதைக் கண்ட அம்மனிதர், முதலைக்கும் அவருக்கும் நடுவே தம் உடலையே அரணாக நிறுத்தினார். தெனிஸ்லிக் கடைத்தெருவில் விருந்தோரைக் கொள்ளையராகக் கண்டவர், இருபது ஆண்டுகள் கழித்தும் காவலரைப் பண்பற்றவராகக் கண்டார். அவரது பயணக் கதையில் பெரிதும் சிந்திக்கத்தக்க இடம் இது.

மாலியின் குறைகளாகத் தாம் கருதியவற்றை அடுக்கிய அவர், நிறைகளையும் விடாமல் எழுதச் செய்தார். அங்கு அநீதி அரிது. அரசர் அநீதி இழைத்தோரை மன்னிப்பதில்லை. வழிப்போக்கர் கொள்ளையருக்கு அஞ்ச வேண்டுவதில்லை. அயல்நாட்டவர் அங்கு இறந்தால், அவர் விட்டுச்சென்ற செல்வம் எவ்வளவு பெரிதாயினும் உரியவர் வரும்வரை நம்பத்தக்கவரிடம் காக்கப்படும். எனினும் அவர் கண்ணுக்கு எட்டாத ஒன்றும் இருந்தது. சகாரா வழியே திரும்பியபோது அவர் சென்ற வணிகக் கூட்டத்தில் 600 அடிமைப் பெண்கள் இருந்தனர். அச்செய்தியை அவர் எவ்வித வருத்தமும் இன்றிக் கடந்து சென்றார். அக்காலத்தின் அளவுகோலில் அடிமைமுறைக்கு எதிரான கோடு அவர்க்குத் தென்படவில்லை.

நினைவிலிருந்து பிறந்த நூல்

மொராக்கோவின் சுல்தான் அபு இனான், அவரது அனுபவங்களை நூலாக்க விரும்பினார். ஃபெஸ் நகரில் இபன் பதூதா சொல்லச் சொல்ல, இபன் ஜுசை என்னும் இளம் அறிஞர் எழுதினார். குறிப்புகள் கடற்கொள்ளையில் போனதால் பெரும்பகுதியும் நினைவிலிருந்தே பிறந்தது. 1355ஆம் ஆண்டின் இறுதியில் சொல்லும் பணி முடிந்தது. சில இடங்களின் வருணனைக்கு முன்னோர் நூலையும் இபன் ஜுசை பயன்படுத்தினார். பயணம் எனப் பொருள்படும் ரிஹ்லா என்னும் பெயரால் அந்நூல் வழங்குகிறது. அவர் கடந்த தொலைவு ஏறத்தாழ 1,17,000 கிலோமீட்டர் எனக் கணக்கிடுவர். இறுதிக்காலத்தில் தாயகத்தில் நீதிபதியாகப் பணியாற்றி, 1369ஆம் ஆண்டு வாக்கில் அவர் மறைந்தார். பல நூற்றாண்டுகள் பரவலாக அறியப்படாதிருந்த அந்நூல், பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் 1853 முதல் 1858 வரை நான்கு தொகுதிகளாகப் பாரிசில் வெளிவந்த பின்னரே உலகப் புகழ் பெற்றது.

அவர் வாழ்ந்த காலத்திலேயே அரசவையில் பலர் அவரைப் பொய்யர் என முணுமுணுத்தனர். வரலாற்றறிஞர் இபன் கல்தூனும் அவ்வாறே ஐயுற்று அமைச்சர் ஒருவரிடம் பேசினார். தாம் காணவில்லை என்பதற்காக ஒன்றை மறுத்துவிடக் கூடாது என்று அறிவுறுத்திய அமைச்சர், அதற்கு ஒரு கதையும் கூறினார். சிறையிடப்பட்ட ஒருவரின் மகன் சிறையிலேயே வளர்ந்தான். தாங்கள் உண்ணும் இறைச்சி எத்தகையது என அவன் கேட்க, ஆட்டினுடையது என்று கூறித் தந்தை ஆட்டை விவரித்தார். அது எலியைப் போன்றதுதானே என்றான் மகன். மாட்டையும் ஒட்டகத்தையும் விவரித்தபோதும் அவன் அதையே சொன்னான். சிறையில் அவன் கண்ட விலங்கு எலி ஒன்றே.

இக்கதை இபன் பதூதாவை நம்ப மறுத்தோர்க்குச் சொல்லப்பட்டது. மாலத்தீவில் ஆணையிட்ட நீதிபதிக்கும் மாலியில் தயிரைக் கண்டு நகைத்த விருந்தினர்க்கும் அது பொருந்தும். அவர் தம் பிழைகளை மறைத்திருந்தால் யாரும் அறிந்திருக்கமாட்டார்கள். ஆற்றங்கரையில் நின்ற மனிதரைப் பற்றிச் சொல்ல அவரைத் தவிர வேறு சாட்சி இல்லை. தோற்ற ஆணைகளையும் தவறிய கணிப்புகளையும் சேர்த்தே அவர் சொல்லிவைத்ததால்தான், இன்று அந்நூலில் அவர் கண்ட நாடுகளுடன் அவரையும் நாம் காண முடிகிறது. பெயர் அறியாத அந்த மாலி மனிதரும் அறுநூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்து, ஆற்றுக்கு முதுகைக் காட்டாமல், அயலூராருக்குக் காவலாக இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்.

கற்பவை கற்றபின்

1. இபன் பதூதா கண்ட விருந்தோம்பல் முறைகளை ஒப்பிட்டு, உங்கள் ஊரில் புதியவரை வரவேற்கும் முறையுடன் இணைத்து ஒரு கட்டுரை எழுதுக.

2. அயலூரில் இருந்து உங்கள் ஊருக்கு வரும் ஒருவர் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடிய வழக்கம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் காரணத்தை விளக்கி வகுப்பில் பேசுக.

3. பிற மக்களின் வழக்கத்தை மதிப்பதும் கொடுமையைக் கண்டிப்பதும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை மாலத்தீவு, மதுரை நிகழ்வுகளைக் கொண்டு கலந்துரையாடுக.